சோப்புக்கு மாறாத சிவப்பு

கள்ளிக் கொட்டகைத் தெருவில் யார் உடம்பில் சிவப்பைப் பார்த்தாலும் ஒருத்தரும் பதற மாட்டார்கள். தெருவே சிவப்புதான். கதவுத் தாழ்ப்பாள் சிவப்பு, குழாயின் திருகு சிவப்பு, கைக்குழந்தையின் கன்னத்தில் அம்மா கிள்ளிக் கொஞ்சின இடமும் சிவப்பு. ஒருமுறை மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர், முழங்கை வரை சிவந்த கையோடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து "ஐயோ கொலை!" என்று கத்திவிட்டு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தெரு அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தது. பிறகு யார் கொஞ்சம் அதிகமாகச் சிவந்து வந்தாலும் "ஐயோ கொலை!" என்று கத்துவது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது.

எல்லாம் ஒரு பூச்சி படுத்தும் பாடு. மிளகில் பாதிகூட இருக்காது. சப்பாத்திக்கள்ளி மடலில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் சாகும்வரை எழுந்திருக்காது. பெண்பூச்சிக்குச் சிறகும் கிடையாது, போக்கிடமும் கிடையாது. வெள்ளைப் பஞ்சைத் தானே சுரந்து போர்த்திக்கொண்டு, சாற்றை உறிஞ்சி உறிஞ்சி அங்கேயே உருண்டு கிடக்கும். பார்த்தால் மடலில் யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி அவ்வளவு சாது. நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும், உள்ளே முழுக்கச் சிவப்பு. ரொம்ப ஏறவிட்டால் மடல் வதங்கி மஞ்சளாகிச் செத்துவிடும். அதற்கு முன் பிரஷ்ஷால் வழித்து, கொதிநீரில் கொட்டிக் கொன்று, காயவைத்துப் பொடித்தால் சாயம்.

தெருவின் கடைசிக் கொட்டகை அக்காவுடையது. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது, அவளைவிட மூத்தவர்கள் உட்பட. அக்காவின் கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். எதிரே நிற்கிறவர் பேச ஆரம்பித்தால், பாதியிலேயே மிச்சத்தை இவளே சொல்லி, அதற்குப் பதிலையும் சொல்லி, அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். அவளிடம் யாரும் ஒரு பேச்சை முழுசாக முடித்ததாகச் சரித்திரமே இல்லை. "எனக்குத் தொண்டை கட்டினாகூடக் கவலை இல்லப்பா. நான் 'அ'ன்னா போதும், மீதியை அக்கா பேசிடும்" என்பான் அவள் தம்பி.

அந்தத் தம்பிதான் அவளுக்கு எல்லாம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. இவள்தான் போட்டுவிட்டாள். இப்போது ஆள் கதவு உயரம். இடுப்பில் மடல் வெட்டும் கத்தியைச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தால், கம்பியில் வரிசையாகத் தொங்கும் மடல்களெல்லாம் அவன் தோளில் உரசி ஆடும். தாய்ப்பூச்சிகளை வலைத்துணிப் பையில் முடிந்து, புது மடலில் முள்ளால் குத்தி வைப்பதில் அவன் விரல்கள் அவ்வளவு பூப்போல. அப்படி வைத்தால்தான் குஞ்சுகள் ஊர்ந்து வந்து புது மடலைப் பிடிக்கும்.

மூன்றாவது ஆள் ஒருவன் இருந்தான். அக்காவின் புருஷன். தெரு அவனுக்கு வைத்த பெயர் வெள்ளைச்சட்டை. எல்லாரும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உழலும் இடத்தில் அவன் ஒருத்தன் மட்டும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளையில், வாசல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். பூச்சியைத் தொட மாட்டான், அடுப்புப் பக்கம் வர மாட்டான். "மேற்பார்வை பார்க்கறேன்" என்பான். நன்றாகப் பார்த்தான்! சாப்பாட்டுக்கும் அடிப்பதற்கும் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான்.

ஊரையே வாயால் ஓட்டுகிற அக்கா அவன் முன்னால் ஊமை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவளுக்கே புரியவில்லை. "விட்டுட்டு வாயேன்க்கா" என்று தம்பி ஒருதரம் கேட்டபோது, மடலில் இருந்து ஒரு பூச்சியை நகத்தால் பிய்த்துக் காட்டினாள். பிய்ந்ததில் அதன் வாய் மடலிலேயே ஒடிந்து நின்றுவிட்டது. "பார்த்தியா? பிய்ச்சா செத்துடும். போ, போய் வேலையைப் பாரு" என்றாள். அவன் என்னவோ பதில் சொல்ல வந்தான். அவள்தான் கேட்கிற ஜாதி இல்லையே.

அன்று காலை அண்டாவைத் துடுப்பால் கிளறும்போது ஒரு சொட்டுத் தெறித்து வெள்ளைச்சட்டையின் மார்பில் விழுந்தது. ஒரே ஒரு சொட்டு. அவன் எழுந்து வந்தான், துடுப்பைப் பிடுங்கினான், அவள் காதோடு சேர்த்து ஒன்று போட்டான். அவள் தடுமாறியதும் மணிக்கட்டைப் பிடித்து, கொதிக்கிற அண்டாவின் விளிம்பில் வைத்து அழுத்தினான். தோல் வெந்த வாசனை அவளுக்கே வந்தது. அவள் கத்தவில்லை. தம்பிதான் கத்திக்கொண்டு பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தான், கை இடுப்புக் கத்தியில் இருந்தது.

அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் பாய்ந்தாள். "தொட்டுடாதேடா! அவர் மேல கை வச்சேன்னா என் பொணத்தைத்தான் பார்ப்பே. சத்தியம் பண்ணு!"

"அக்கா, உன் கையைப் பாரு, அந்த ஆளு உன்னை..."

"என் கை, நான் பார்த்துக்கறேன். சத்தியம் பண்ணுடா!"

அவன் பற்களைக் கடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினான். வெள்ளைச்சட்டை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மார்பிலிருந்த சொட்டைத் தட்டிவிட்டபடி வெளியே போய்விட்டான்.

மத்தியானம் தம்பி வந்து அவள் முன்னால் நின்றான். "அக்கா, நான் போய் அவர்கிட்ட..."

"கொக்கிக்காரர்கிட்டதானே? போ, போ. நல்லா வளைஞ்சதாப் பார்த்து வாங்கிட்டு வா. போன தடவை வாங்கினதுல பாதி மடல் கீழ விழுந்துடுச்சு."

தம்பி லேசாகச் சிரித்தான். "சரிக்கா" என்று போய்விட்டான்.

வெயில் இறங்கி, தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோது திரும்பி வந்தான். கையில் கொக்கி இல்லை. சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. வயிற்றோடு ஒரு கையைச் சேர்த்துப் பிடித்திருந்தான். தெருவில் யாரோ பின்னாலிருந்து "ஐயோ கொலை!" என்று கத்தி, நாலு பேர் சிரிப்பது கேட்டது.

"என்னடா இது, அண்டாவுல விழுந்து எந்திரிச்சியா?"

"சாயம்தான்க்கா" என்றான். "நடுக் கொட்டகையில தொட்டி சரிஞ்சிடுச்சு. மேல கொட்டிடுச்சு."

முகம் வெளுத்திருந்தது. வெயிலில் சுற்றிய களைப்பு என்று அவள் நினைத்தாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று சட்டையைக் கழற்றினான், கொடியில் கிடந்த போர்வையை இழுத்து உடம்பில் சுற்றிக்கொண்டான். "கொஞ்சம் படுக்கறேன். தண்ணி குடு." சொம்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உள் அறைக்குப் போய்ப் பாயில் சாய்ந்தான்.

அக்கா சட்டையை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். அதில் அங்கங்கே கீறலும் கிழிசலும் இருந்தன. அதை அவள் பொருட்படுத்தவில்லை, கள்ளிமுள்ளோடு பழகுகிறவன் சட்டை வேறு எப்படி இருக்கும்? தண்ணீரில் முக்கி சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்த்தாள்.

கள்ளிப்பூச்சிச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. எலுமிச்சை பட்டால் ஆரஞ்சாகும். சோப்பு பட்டால் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். தெருவில் எந்த வீட்டுச் சாக்கடையைப் பார்த்தாலும் ஊதா நுரைதான் போகும். சட்டையின் கைப்பக்கமும் காலரும் எப்போதும் போல ஊதாவாக மாறின. முன்பக்கம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். நுரை பழுப்பும் சிவப்புமாகக் குழம்பியது. வெந்நீர் ஊற்றினாள். கறை இன்னும் கருத்து, துணியோடு இறுகிக்கொண்டது.

அவள் கையிலிருந்து சோப்பு நழுவி விழுந்தது.

அப்போதுதான் அந்த இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே போனபோது தம்பியின் இடுப்பில் கத்தி இல்லை. வெறும் உறைதான் தொங்கிக்கொண்டிருந்தது. புருஷன் காலையில் போனவன் இன்னும் வரவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்க அக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மிச்சத்தைத் தானே சொல்லி முடிக்கிறவள்தானே அவள்! கொன்றுவிட்டான். தம்பி அவனைக் கொன்றுவிட்டான். கத்தியை எங்கேயோ எறிந்துவிட்டு வந்து, சாயம் என்று பொய் சொல்லிப் படுத்திருக்கிறான்.

முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான். வெந்த மணிக்கட்டைப் பார்த்தாள், வீங்கின காதைத் தொட்டுப் பார்த்தாள், "ஒழிஞ்சான்" என்று வாய்விட்டே சொன்னாள். மூச்சு நெஞ்சு நிறைய உள்ளே போய் வந்தது. அதற்கப்புறம்தான் பயம் வந்து பிடித்தது. இவனைத் தூக்கில் போடுவார்களே! பொத்தான் போட்டுவிட்ட பிள்ளையை ஜெயிலுக்குக் கொண்டுபோவார்களே! விடுவேனா நான்?

உள் அறை வாசலுக்குப் போனாள். விளக்கைப் போடவில்லை, ஜன்னல் வழியாக யாராவது பார்த்துத் தொலைத்தால்? இருட்டில் தம்பியின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்டா. அது சாயம் இல்ல."

"அக்கா..." என்றான் அவன். "நீ நினைக்கிற மாதிரி..."

"வாயை மூடு! பக்கத்துக் கொட்டகையில ஆள் இருக்கு. ஒரு வார்த்தை பேசாதே. நீ செஞ்சது சரிதான். நான்தான் சத்தியம் அது இதுன்னு உளறிட்டேன், நீ மனசுல வச்சுக்காதே. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

"இல்லக்கா, எனக்கு..."

"பயமா இருக்கா? இருக்கத்தான் செய்யும். பேசாம தூங்கு."

குனிந்து அவன் கையைத் தொட்டாள். ஐஸாக இருந்தது. "பாரு, பயத்துல எப்படிச் சில்லிட்டுப் போயிருக்கேன்னு" என்று சொல்லி இன்னொரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. விரலை உருவிக்கொண்டு ஓடினாள்.

அடுப்பை மூட்டினாள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, கெட்டிச் சாயத்தை அள்ளிப் போட்டு, நிறம் பிடிக்கப் படிகாரம் இரண்டு கை போட்டாள். கறை படிந்த சட்டையை அதில் அமுக்கினாள். ரத்தத்தைப் போக்க முடியாவிட்டால் என்ன, சட்டை முழுவதையும் ரத்தத்தின் நிறத்துக்கே கொண்டுவந்துவிட்டால் போயிற்று! எந்தக் கொம்பன் வந்து கண்டுபிடிப்பான்? துவைத்த கல்லைத் தேய்த்துக் கழுவினாள். வாசலிலிருந்து உள் அறை வரை சொட்டின சொட்டுகள் மேல் சாயத்தண்ணீரைத் தெளித்தாள். அவ்வளவு சொட்டு இருந்ததைப் பார்த்து, வெள்ளைச்சட்டை உடம்பில் இவ்வளவு ரத்தம் இருந்ததா என்றுகூட நினைத்தாள்.

பக்கத்துக் கொட்டகைக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன அக்கா, இந்நேரத்துக்கு அண்டா கொதிக்குது?"

"தம்பி சட்டைக்குச் சாயம் போடறேன். திட்டுத் திட்டா அசிங்கமா இருக்கு, முழுசா ஒரே நிறமாப் போட்டுட்டா நல்லா இருக்கும்ல."

"பொண்ணு பார்க்கப் போறானோ?"

"போவான், போவான். அதுக்கென்ன, ராஜா மாதிரி போவான்" என்றாள் அக்கா. அவள் குரலில் அப்போது உண்மையிலேயே சிரிப்பு இருந்தது.

உள்ளேயிருந்து "அக்கா" என்று ஒருதரம் கேட்டது. "வரேன்டா, சட்டை கொதிச்சுடட்டும்" என்றாள். இன்னொரு தரமும் கேட்டது, முன்னைவிட மெதுவாக. "தூங்குன்னு சொன்னேன்ல!" என்று அதட்டினாள். அப்புறம் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டான், நல்லதாயிற்று என்று துடுப்பைப் போட்டுக் கிளறினாள்.

வாசல் கதவு கிறீச்சிட்டது.

வெள்ளைச்சட்டை உள்ளே வந்தான். வேறு வெள்ளைச் சட்டை, புது மடிப்பு. உயிரோடு, இரண்டு காலால் நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தான். அக்காவின் கையில் துடுப்பு அப்படியே நின்றது.

அவன் ஒரு துணிச்சுருளை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். உள்ளே தம்பியின் கத்தி இருந்தது.

"கழுவி வை" என்றான். "பேசணும்னு வந்தான் உன் தம்பி. பெரிய மனுஷன் கணக்கா, அக்காவை அடிக்காதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்னு. நான் ஒண்ணு சொன்னேன், அவன் ஒண்ணு சொன்னான். கத்தி அவன் இடுப்புலதான் இருந்துச்சு, கைக்கு வாகா. கொஞ்சம் பட்டுடுச்சு. என்ன, தையல் கியல் போட்டீங்களா?"

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள் அறைக்கு ஓடினாள். இரண்டு போர்வையையும் விலக்கினாள். பாய் ஊறித் தரை ஊறிச் சுவரோரம் வரை தேங்கியிருந்தது. விலா எலும்புக்குக் கீழே கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். தாய்ப்பூச்சி முடிகிற வலைத்துணியைச் சுருட்டி அவனே அதில் அடைத்திருந்தான். அந்தக் கத்தி மெலிசு. வாய் சின்னதாக இருந்தாலும் உள்ளே எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? தினமும் அவள் தீட்டிக் கொடுத்த கத்தி.

"டேய்" என்றாள். "டேய், பேசுடா. சொல்லுடா, நான் கேக்கறேன்டா!" அவன் வாய் பாதி திறந்திருந்தது, எதையோ சொல்ல ஆரம்பித்த மாதிரி. மிச்சத்தை இவளால் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்தாள். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. வெள்ளைச்சட்டை அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டானா?" என்றான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். முகத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "சரி, ஆனது ஆச்சு. முள்ளுல விழுந்துட்டான்னு சொல்லிக்கலாம். அவன் சட்டை எங்க? முதல்ல அதை..." மறுபடி அண்டாவைப் பார்த்தான். நீருக்குள் சுருண்டு கொதிக்கும் சட்டையைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "அட, நீயே சாயம் போட்டுட்டியா! புருஷன்னா புருஷன்தான்டி உனக்கு. கெட்டிக்காரி!"

அக்கா கத்தியை இடுப்பில் செருகினாள், துடுப்பை அண்டாவில் விட்டு, கொதிக்கிற சட்டையை அப்படியே அள்ளி எடுத்து அவன் முகத்தில் அறைந்தாள்.

அவன் அலறின அலறலில் மடல்கள் நடுங்கின. சட்டை முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் பிய்க்கப் பிய்க்கத் தோலும் சேர்ந்து வந்தது. அவள் துடுப்பால் காதோடு சேர்த்து ஒன்று போட்டாள், காலையில் வாங்கினதை அதே அளவில் திருப்பிக் கொடுத்தாள். அவன் மடல் வரிசைக்குள் விழுந்தான். கம்பி அறுந்து மடல்கள் அவன் மேல் கொட்டின, முள் தைத்தது, பூச்சிகள் நசுங்கின. அவள் மேலே ஏறி உட்கார்ந்து, விலா எலும்புக்குக் கீழே இடம் பார்த்துக் கத்தியை இறக்கினாள். அதே இடம். இழுத்து இன்னொரு தரம் இறக்கினாள். அவன் அவளை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து, தட்டுத் தடுமாறித் தெருவுக்கு ஓடினான்.

தெருவில் அந்நேரத்துக்கு நல்ல கூட்டம். வேலை முடிந்து குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தலைமுதல் கால்வரை சிவந்து, பஞ்சும் மடல்துண்டும் ஒட்டிக்கொண்டு ஓடிவந்தவனை எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஐயோ கொலை!" என்று ஒருத்தர் கத்தினார்.

தெரு கொல்லென்று சிரித்தது. "கடைசில நம்ம வெள்ளைச்சட்டையும் நனைஞ்சிட்டாரே!" என்றது ஒரு குரல். "இத்தனை வருஷ மேற்பார்வைக்கு இன்னைக்குத்தான்யா வேலை செஞ்சிருக்காரு!" அவன் குழாயடியில் விழுந்து கையை நீட்டினான். "நடிப்பைப் பாரு நடிப்பை!" என்று பக்கத்துக் கொட்டகைக்காரி ஒரு குவளைத் தண்ணீரை அவன் மேல் ஊற்றினாள். இன்னொருத்தர் விளையாட்டுக்குச் சோப்புக் கட்டியைக் கொண்டுவந்து அவன் முதுகில் தேய்த்தார். நுரை ஊதாவாகப் பொங்கியது. சட்டையின் விலாப்பக்கம் மட்டும் மாறவே இல்லை. தேய்த்தவர் கையை எடுத்தார். சிரிப்பு ஒவ்வொருத்தராக நின்றது. அதற்குள் அவன் அடங்கிவிட்டிருந்தான்.

போலீஸ்காரர் வந்தபோது அக்கா உள் அறையில் தம்பியின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச்சட்டை முகத்திலிருந்து பிய்த்துப் போட்ட அந்த ஈரச் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை பூட்டியிருந்தாள். போலீஸ்காரர் வயதானவர். நிதானமாக, திக்கித் திக்கிப் பேசினார். என்ன நடந்தது, யார் முதலில் ஆரம்பித்தது, இந்தக் கத்தி யாருடையது, உன் கையில் இருப்பது சாயமா ரத்தமா என்று நீளமாகக் கேட்டுக்கொண்டே போனார். வாசலில் கூடியிருந்த தெரு, இப்போது குறுக்கே பேசுவாள், இப்போது பேசுவாள் என்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவர் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை.

"முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"முடிச்சிட்டேம்மா."

"ஒரு சோப்பு குடுக்கச் சொல்லுங்க."

கொடுத்தார்கள். சொம்புத் தண்ணீரில் நனைத்துக் கையைத் தேய்த்தாள். விரல் நுனியும் முழங்கையும் ஊதாவாக மாறின. உள்ளங்கை மாறவில்லை. அதை விளக்குக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"ஊதா ஆனதெல்லாம் சாயம்ங்க. ஆகாதது ரத்தம்" என்றாள். "ஆனா இதுல எது என் தம்பி, எது அந்த ஆளுன்னு எந்தச் சோப்புக்கும் தெரியாது. எனக்குக் கையைக் கழுவ மனசு வரலைங்க. அப்படியே கூட்டிட்டுப் போங்க."